கூடு நாற்பத்தொன்று, சந்தேகம் ஒன்று

எதைப் பற்றிக் கேட்டாலும் அவரிடமிருந்து பதிலுக்கு முன்னால் ஒரு கேள்வி வரும்.

“நான் பாத்தத சொல்லட்டா, கேட்டத சொல்லட்டா?”

பாதிப் பேர் அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவார்கள். வம்பு கேட்க வந்தவர்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. மீதிப் பேர் “பாத்ததயே சொல்லுய்யா” என்பார்கள். அவர் பார்த்தது பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும். ஏரிக்கரைச் சாலையில் லாரி கவிழ்ந்த அன்று டீக்கடையில் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும், “நான் போறப்போ லாரி சாஞ்சி கெடந்துச்சி. அதுக்கு முந்தி இன்னா ஆச்சின்னு தெரியாது” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

அவர் கம்பெனி பஸ் ஓட்டுநர். ஐம்பத்திரண்டு இருக்கை. ஸ்ரீபெரும்புதூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆறு மணிக்குள் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் இறக்குவார். பிறகு மதியம் இரண்டு வரை வேலை இல்லை. வண்டியைக் கொண்டுவந்து பிள்ளைப்பாக்கத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஏரிக்கரையில் நிறுத்துவார். அங்கே தினமும் ஏழெட்டு பஸ்கள் நிற்கும். மற்ற ஓட்டுநர்கள் சீட்டில் படுத்துத் தூங்குவார்கள். இவர் கரையில் உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பார்.

ஏரிக்கு நடுவில் ஒரு மண்திட்டு இருந்தது. அதில் அறுபத்துமூன்று கருவேல மரங்கள். மார்கழியிலிருந்து சித்திரை வரை அவற்றில் வண்ண நாரைகள் கூடு கட்டும். சுற்றிலும் கூரைத் தகடும் கண்டெய்னரும் பெருகப் பெருக, நாரைகளுக்கு இந்தப் பக்கத்தில் மிஞ்சிய இடங்களில் அது ஒன்று. அந்தத் திட்டு இப்போது இல்லை. அதற்குக் காரணம் அவர்தான் என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். காரணம் நான் என்று எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்கும் கரைக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு அடி, என் காலால். முழங்கால் கெடுவதற்கு முன்னால் அது நூற்றெண்பதாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் உற்பத்திக் கணக்கு எழுதினேன். ஓய்வு பெற்றுப் பதினான்கு வருஷம் ஆகிறது. எண்ணும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. காலையில் நாலு மாத்திரை, இரவில் மூன்று. வாசலில் படியும் லாரித் தூசியைக் கூட்ட ஒரு நாளைக்கு இரண்டு முறை.

நாரைகளை ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் ஒரு நாள் முக்காலியில் பொருத்திய தொலைநோக்கியோடு கரைக்கு வந்தாள். மரத்தில் எத்தனை கூடு இருக்கும் என்று ஓட்டுநர்களைக் கேட்டாள். ஒருவர் இருநூறு என்றார். இன்னொருவர், “ஆயிரத்துக்குக் கொறையாது மேடம், என்னா நாத்தம் நாறுது பாருங்க” என்றார். இவர் எழுந்து நின்று சொன்னார்:

“ரெண்டு மரம் மட்டும் எண்ணினேன் மேடம். பதினேழு. மீதி மரத்த முன்னாடி இருக்கறது மறைக்கிது.”

அவள் முக்காலியை அங்கேயே ஊன்றி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் கூடு எண்ணினார். எப்படி எண்ண வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். பறவை உட்கார்ந்திருந்தாலோ குஞ்சு தெரிந்தாலோதான் கூடு. வெறும் குச்சிக் குவியல் கணக்கில் வராது. அவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினார். கட்டங்களில் ஒன்றை அவராகவே சேர்த்தார். கூடு நாற்பத்தொன்று, சந்தேகம் ஒன்று. கூடு முப்பத்தெட்டு, சந்தேகம் மூன்று.

“எங்க படிவத்துல இப்படி ஒரு கட்டம் இல்லையேண்ணா” என்றாள் அவள்.

“இல்லன்னா போட்டுக்கோங்க மேடம். தெரியலன்றத வேற எங்க எழுதறது?”

அவள் சிரித்தாள். அடுத்த வருஷம் அவள் கொண்டுவந்த அச்சுப் படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது.

அவருடைய மனைவியை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். பொங்கலன்று அவருக்கு வண்டி இருந்தது. அந்த அம்மா சாப்பாடு எடுத்துக்கொண்டு கரைக்கே வந்திருந்தார். உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஆளைப் பார்ப்பது அபூர்வம் என்று நான் ஏதோ மரியாதைக்குச் சொன்னேன்.

“அபூர்வந்தான் சார், ஆரு இல்லன்னது? கண்ணாலம் ஆயி இருவத்தாறு வருசம். நான் வெக்கிற கொழம்ப நல்லா கீதுன்னு ஒரே ஒரு தபாதான் சொல்லிச்சி. அன்னிக்கி நெஜமாவே நல்லா இருந்துச்சி. வூட்ல இருக்கற எல்லாரும் சொன்னாங்கோ.”

அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை.

இந்தக் குணத்தோடு வாழ்வது எளிதல்ல. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி அவர் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தாள். ஒரு நாள் ஸ்டாப்புக்கு வர நேரமாகி, பஸ்ஸைத் தவறவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துத் தொழிற்சாலை வாசலுக்கு வந்தாள். சூப்பர்வைசர் அவளை உள்ளே விடவில்லை.

“அண்ணாச்சி, பஸ்ஸு எங்க ஸ்டாப்புல நிக்காமப் போயிட்டுன்னு மட்டும் சொல்லிருங்களேன். எனக்கு அரை நாள் போயிரும் அண்ணாச்சி.”

“நின்னுச்சேம்மா.”

“நின்னுச்சி, இல்லங்கல. சும்மா சொல்லுதக்கு என்ன?”

“நின்னுச்சேம்மா” என்று அவர் மறுபடியும் சொன்னார். அவளுக்கு அரை நாள் போய்விட்டது. ஒரு வாரம் பஸ்ஸில் யாரும் அவரோடு பேசவில்லை. அந்த வாரத்திலிருந்து அவர் அவளுடைய ஸ்டாப்பில் மட்டும் மூன்று நிமிஷம் கூடுதலாக நின்றார். பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். இதை நான் கேட்டதுதான், பார்க்கவில்லை.

பார்த்தது மீன் விஷயம். ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர் நாரைகளை விரட்ட வெடி போடுவார். ஒவ்வொரு வெடிக்கும் பறவைகள் மொத்தமாக எழும்பும். கூட்டிலிருந்து முட்டைகள் உருண்டு விழும். வெடியை நிறுத்தச் சொல்லி ஆராய்ச்சிக்காரப் பெண் கேட்டதற்கு, “நான் வுட்ட ரோகு, கட்லா எல்லாத்தையும் இதுங்கதான் துன்னுது. வெடிய நிறுத்திட்டு நான் இன்னா பண்றது, நாரை வளக்கவா?” என்றார் அவர்.

ஓட்டுநர் பரிசல்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு திட்டுக்குப் போனார். கூடுகளின் அடியில் குஞ்சுகள் கக்கியும் தவறவிட்டும் கிடந்த மீன்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். டீக்கடையில் ஒரு தட்டைக் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் கழுவி அதில் பரப்பினார். நாற்றம் தாங்காமல் கடைக்காரர் வைதார். எண்ணினேன். முப்பத்துநாலு. முப்பத்துமூன்றும் யாரும் வளர்க்காமல் தானாகப் பெருகும் ஜிலேபி மீன் குஞ்சுகள், விரல் நீளம். ஒன்று மட்டும் கட்லா.

அந்த ஒன்றை எடுத்துத் தூர எறிந்திருக்கலாம். நான் கண் ஜாடை காட்டினேன். அவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் விட்டுவிட்டார்.

குத்தகைக்காரர் குனிந்து பார்த்தார். “ஒண்ணு கீதே!”

“ஆமா. ஒண்ணு கீது.”

குத்தகைக்காரர் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “நீ இத மறைக்கலயே, அதுக்காக நம்பறேன்” என்றார். திட்டுப் பக்கம் வலையும் வெடியும் இல்லை என்று கிராமக் குழுவில் பேசி முடித்தார்கள். ஆராய்ச்சிக்காரப் பெண்ணால் இரண்டு வருஷம் முடியாதது அந்த ஒரு மீனால் முடிந்தது. அன்று நான் அவரைப் பெரிய தந்திரசாலி என்று நினைத்தேன். தந்திரம் எதுவும் இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அதற்கடுத்த வருஷம் ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்தும் திட்டம் வந்தது. வரைபடத்தில் திட்டு இல்லை; அதையும் சேர்த்துத் தோண்டுவதாக இருந்தது. கிராமக் குழு மனு கொடுத்தது. பறவைகள் உண்மையில் அந்த அளவுக்கு வருகின்றன என்று கணக்கு காட்டினால், திட்டை விட்டுவிட்டுச் சுற்றித் தோண்டப் பரிந்துரை செய்வதாகப் பொறியாளர் சொன்னார். நல்ல மனிதர். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

கூடுகளின் எண்ணிக்கை ஓட்டுநரின் நோட்டில் இருந்தது. பறவைகளையும் எண்ணலாம் என்றேன் நான். பக்கத்து விடுதிகளில் தங்கியிருந்த ஆறு பேர் ஆர்வமாக வந்தார்கள். வெவ்வேறு ஷிப்டில் வேலை செய்கிறவர்கள். நைட் முடித்து வருகிறவர்கள் காலை ஏழு மணிக்கு எண்ணினார்கள். இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் பன்னிரண்டு மணிக்கு. முதல் ஷிப்ட் முடித்தவர்கள் மாலை ஐந்துக்கு. பதிவேட்டை நான் தயார் செய்தேன். எனக்குத் தெரிந்த பதிவேடு ஒன்றுதான். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட், மொத்தம். கழிவு என்றும் ஒரு கட்டம் இருந்தது. அதில் இறந்த குஞ்சுகளை எழுதினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நூற்று முப்பத்தொன்று, நூற்று இருபத்தேழு, நூற்று இருபத்தெட்டு. மொத்தம் முந்நூற்று எண்பத்தாறு. கூட்டலில் தவறில்லை. மூன்று முறை சரிபார்த்தேன்.

ஓட்டுநர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், மூணையும் கூட்டணுமா?”

“கூட்டாம? நான் முப்பத்தொரு வருஷம் கூட்டினவன்யா.”

“உங்க கணக்கு உங்களுக்குத் தெரியும் சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். தொழிற்சாலையில் ஏ ஷிப்டில் செய்த பொருள் வேறு, பி ஷிப்டில் செய்த பொருள் வேறு. கூட்டினால்தான் மொத்தம். மரத்தில் காலையில் உட்கார்ந்திருந்த நாரைதான் மாலையிலும் உட்கார்ந்திருக்கிறது என்பது என் மூளையில் ஏறவே இல்லை. எண்ணிக்கொடுத்த ஆறு பேருக்கும் ஏறவில்லை. அவர்களும் தொழிற்சாலை லைனில் நிற்கிறவர்கள்தானே.

ஆராய்ச்சிக்காரப் பெண் அப்போது வேறு ஏரிகளில் கணக்கெடுக்கப் போயிருந்தாள். ஒரு வாரத்துக்குள் காகிதம் வேண்டும் என்று கேட்டார்கள். ஓட்டுநரின் கூட்டுக் கணக்கையும் சேர்த்து, என் பதிவேட்டை அப்படியே அனுப்பினேன்.

பங்குனியில் பொறியாளர் ஒரு வனக்காவலரோடு கரைக்கு வந்தார். இருவரும் அரை மணி நேரம் எண்ணினார்கள். நூற்று முப்பது. பொறியாளர் என் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தார். ஊர்க்காரர்கள் இருபது பேருக்கு மேல் நின்றிருந்தோம்.

“முந்நூத்தி எண்பத்தாறுன்னு போட்டிருக்கீங்களே ஐயா?”

அப்போதுதான், அந்த நிமிஷத்தில்தான், மூன்று கட்டங்களும் ஒரே பறவைகள் என்று உறைத்தது.

பொறியாளரே வழி திறந்துவிட்டார். ஓட்டுநர் பக்கம் திரும்பி, “நீங்க முழு நாளும் இங்கதான இருக்கீங்க? ஒரு கூட்டம் போயி வேற கூட்டம் வருதா? அப்படின்னா சொல்லுங்க, நான் அப்படியே எழுதிக்கிறேன்” என்றார்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஊரே அவர் வாயைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

“அதே பறவைங்கதான் சார். எர தேடப் போவுது, வருது. வேற கூட்டம் வந்து நான் பாக்கல.”

பொறியாளர் பதிவேட்டை மூடினார். கோபப்படவில்லை. “ஒண்ண மூணாக்கி எழுதினா நான் எத நம்பறது? அப்ப கூடு நாப்பத்தொண்ணுன்னு எழுதினதும் இப்படித்தானா?” என்றார். அந்த நாற்பத்தொன்று ஓட்டுநருடையது. அதில் சந்தேகம் ஒன்று என்றுகூட எழுதியிருந்தது. அதையும் சேர்த்து மூடிவிட்டார்.

அவர்கள் போன பிறகு நான் ஓட்டுநரைப் பிடித்துக்கொண்டேன். என் குரல் எனக்கே பிடிக்காத அளவுக்கு உயர்ந்தது.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா திட்டு நின்னிருக்குமேய்யா!”

“நின்னிருக்கும் சார்.”

“அப்ப ஏன்யா சொல்லல?”

“அடுத்த வருசம் மேடம் வந்து மீதி ரெண்டு கூட்டம் எங்கன்னு கேப்பாங்களே சார். அப்ப இன்னாத்த காட்றது?”

என் கூட்டலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆராய்ச்சிக்காரப் பெண் திரும்பி வந்து பதிவேட்டைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். “நூத்தி முப்பதே போதுமா இருந்திருக்கும் ஐயா” என்றாள். மறுபடி மனு எழுதினாள், அலைந்தாள். கோப்பு கை மாறிவிட்டது என்றார்கள்.

குஞ்சுகள் பறந்து போன பிறகு, ஆனி மாதம் இயந்திரங்கள் இறங்கின. நாலு நாள் வேலை. மரங்களை வேரோடு பெயர்த்துக் கரையோரமாக அடுக்கியிருந்தார்கள். நான் எண்ணினேன். அறுபத்தொன்று. மறுபடி எண்ணினேன். அறுபத்தொன்றுதான். மீதி இரண்டு மரம் எங்கே போனது என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓட்டுநர் அடுத்த மார்கழியிலும் ஞாயிற்றுக்கிழமை வந்து அதே இடத்தில் நின்றார். தண்ணீர் விரிந்து கிடந்தது. நாரைகள் ஐந்தாறு முறை வட்டமடித்துவிட்டுக் கிழக்கே போயின. அவர் நோட்டில் எழுதினார். கூடு பூஜ்யம், சந்தேகம் பூஜ்யம்.

“இல்லாததப் போயி எழுதறியேப்பா” என்றேன்.

“மேடம் எழுதச் சொன்னாங்க சார். எழுதலன்னா யாரும் பாக்கலன்னு ஆயிடுமாம். பாத்து, இல்லன்னா, பூஜ்யம்.”

இரண்டு பருவம் பூஜ்யம் எழுதினார். டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் சிலர் எழுந்து போனார்கள். “உண்மை விளம்பி வந்துட்டாரு, எந்திரிங்கடா” என்று ஒருவன் கேலி பேசினான். அவர் டீயைக் குடித்து முடித்துக் கண்ணாடித் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். நான் எழுந்து போகவில்லை. பக்கத்தில் போய் உட்காரவும் இல்லை.

பிறகு ஒப்பந்தம் மாறி அவருக்கு மறைமலை நகர் வழித்தடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. வண்டி. கரைக்கு வர முடியாமல் போயிற்று. போகுமுன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, “சார், வாரத்துக்கு ஒரு தபா நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் மேடத்துக்கு அனுப்பிக்கிறேன்” என்றார். இந்த ஊரில் அவர் நம்பிக்கையோடு கேட்க வேறு ஆள் இல்லையா என்று தோன்றியது. சரி என்றேன்.

இந்த மார்கழியில் என் முழங்கால் கரை ஏற விடவில்லை. ஒரு வியாழக்கிழமை மருந்து வாங்க ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் போயிருந்தேன். சிக்னலில் அவருடைய பஸ் நின்றது. தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

“சார்! ஞாயித்துக்கெழம பாத்தீங்களா? எத்தினி?”

பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த முகத்துக்கு மறுபடியும் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஒன்று என்றால் வழி தவறி வந்ததாக இருக்கும். இரண்டு என்றால் சொல்லிவைத்த மாதிரி இருக்கும்.

“மூணுப்பா” என்றேன்.

“பறந்துச்சா, உக்காந்துச்சா?”

“உக்காந்துச்சி.”

“எத்தினி மணிக்கு சார்?”

“ஏழேகால்.”

நோட்டை ஸ்டியரிங்கில் வைத்து எழுதினார். “சந்தேகம்?” என்று கேட்டார். இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை ஆராய்ச்சிக்காரப் பெண் போனில் கூப்பிட்டாள்.

“ஐயா, மூணு வண்ண நாரைன்னு அண்ணன் அனுப்பியிருக்காரு. பாத்தவர்னு உங்க பேரு போட்டிருக்காரு. எந்தப் பக்கம் உக்காந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, வரைபடத்துல குறிக்கணும்.”

ஏரியின் நாலு பக்கமும் மனதில் ஓடின.

“நான் பாக்கலம்மா” என்றேன்.

“சரிங்க ஐயா. அந்த வாரம் யாரும் பாக்கலன்னு எழுதிக்கிறேன். பூஜ்யம்னும் போட முடியாது. அண்ணன்கிட்ட நான்...” என்று இழுத்தாள்.

“நானே சொல்றேன்மா.”

இதற்காகவே நேற்று கூட்டு ரோட்டுக்குப் போனேன். ஒன்று நாற்பதுக்கு அவருடைய பஸ் சிவப்பில் வந்து நின்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். அவரே முந்திக்கொண்டார்.

“இந்த வாரம் எத்தினி சார்?”

“இந்த வாரமும் கரைக்குப் போவலப்பா. முட்டி வலி.”

“பரவால்ல சார், வலியோட ஏறாதீங்க. எங்க போயிடப் போவுது? வரும்” என்றார். “மூணு வந்துச்சே.”

வரும் என்று அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் முறை. சிக்னல் மாற இன்னும் நாற்பத்திரண்டு வினாடி இருந்தது. நான் சொல்லவில்லை.